யாருக்கான விஞ்ஞானம்? இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கலைத்திட்டத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இலங்கையின் கல்வி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பாடசாலைகளின் தோற்றம், ஆணைக்குழுக்களின் அறிக்கைகள், சட்டங்கள், அமைச்சர்கள் என்ற ஒழுங்கிலேயே அதனை எழுதிவந்துள்ளனர். வகுப்பறையினுள் உண்மையில் எது கற்பிக்கப்பட்டது, எந்த மாணவனை மனத்திற்கொண்டு அது தெரிவுசெய்யப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. விஞ்ஞானப் பாடத்தைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் சிறப்பான முக்கியத்துவம் உடையன. மொழி, சமயம், வரலாறு ஆகிய பாடங்களிற் கற்பிக்கப்படுவன பற்றி நம் சமூகத்தில் விவாதம் எழுவதுண்டு. பௌதிகவியலும் இரசாயனவியலும் எங்கும் ஒன்றே என்னும் எண்ணத்தினால் அப்பாடங்களின் உள்ளடக்கம் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்டு வந்துள்ளது. இயற்கையின் விதிகள் எங்கும் ஒன்றே என்பது மெய். ஆனால் அவ்விதிகளுள் எவற்றை, எம்மொழியில், எவ்வுதாரணங்களைக் கொண்டு, யாருக்குக் கற்பிப்பது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை, சமூகமே தீர்மானிக்கின்றது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இலங்கைத் தமிழரிடையே நடைபெற்றுவந்த விஞ்ஞானக் கல்வியை இந்நோக்கில் ஆராயும்போது ஓர் உண்மை மீண்டும் மீண்டும் புலப்படுகின்றது. விஞ்ஞானத்தைப் பரந்துபட்ட மக்களுக்குரியதாக்கும் முயற்சிகள் காலத்துக்குக் காலம் தோன்றியுள்ளன. சிலரைத் தெரிந்தெடுத்து உத்தியோகத்துக்கு அனுப்பும் ஏணியாகவே கல்வியைக் காணும் சக்தியோடு அவை ஒவ்வொன்றும் மோதி, அதனால் முழுமையாகவோ பகுதியாகவோ விழுங்கப்பட்டுள்ளன. இக்கட்டுரை அத்தகைய மூன்று முயற்சிகளை எடுத்து நோக்குகின்றது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் நடைபெற்ற தமிழ்வழி மருத்துவக் கல்வி ஒன்று. சுதந்திரத்தையொட்டிய காலப்பகுதியில் விஞ்ஞானத்தைத் தாய்மொழிக்குக் கொணர்ந்த முயற்சி மற்றொன்று. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அறிமுகஞ்செய்த ஒருங்கிணைந்த விஞ்ஞானம் மூன்றாவது.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, யாழ்ப்பாணத்தில் நவீன விஞ்ஞானத்தை ஒழுங்கான பாடமாகக் கற்பித்த முன்னோடி நிலையமாகும். டானியல் பூவரின் தலைமையில் அங்கு ஆங்கிலம், தமிழ், வடமொழி ஆகியவற்றுடன் கணிதமும் இயற்கைத் தத்துவமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. வானியலுக்கு அங்கு அளிக்கப்பட்ட இடம் தற்செயலானதன்று. புராணங்கள் கூறும் உலக அமைப்புப் பிழையெனக் காட்டிவிடின், அதனைச் சார்ந்து நின்ற சமய நம்பிக்கையும் தளரும் என மிஷனரிமார் எதிர்பார்த்தனர். 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தையொட்டி, அராலியைச் சேர்ந்த பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் செமினரியின் கணிப்பும் ஒப்புநோக்கப்பட்டமையும், செமினரியின் கணிப்பே பொருந்திவந்தமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டியவை.

கலைத்திட்டம் என்ற வகையில் இந்நிகழ்ச்சி இரண்டு செய்திகளைத் தருகின்றது. விஞ்ஞானம் அங்கு அவதானத்தோடும் அளவீட்டோடும் இணைந்து நின்றது என்பது முதலாவது. ஒரு கூற்றுச் சரியா பிழையா என்பதை வானத்தைப் பார்த்தே தீர்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு மாணவர் பழக்கப்பட்டனர். உள்ளூரில் ஏற்கெனவே நிலவிய கணித மரபொன்று எதிரியாகவே அணுகப்பட்டது என்பது இரண்டாவது. சாஸ்திரியாரும் கணித்தே கூறினார். அவர் கையாண்ட கணக்கு முறையில் வழு இருந்தது. அவ்வழு எங்கிருந்து வந்தது என்பதை மாணவரோடு சேர்ந்து ஆராயும் கல்வி இரு மரபுகளையும் இணைக்கும் பாலமாய் அமைந்திருக்கும். பின்னர் செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்டன் 1848இல் தமிழ் வானியற் கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கக் குறிப்புகளுடனும் வெளியிட்டார். ஆயினும் அம்முயற்சி ஒரு கல்வி மரபாக வளரவில்லை.

1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் மதப்பணிக்கு வருவதிலும் பார்க்க அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்வதையே மிஷனின் தலைமைப்பீடம் கண்டது. அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் முதலியோர் தாய்மொழிக் கல்வியே மிஷனின் நோக்கத்துக்கு உகந்தது எனக் கருதினர். மதம் பரப்பும் நோக்கில் எடுக்கப்பட்ட முடிவாயினும், கல்விக்கும் உத்தியோகத்துக்குமிடையே அக்காலத்திலேயே உருவாகியிருந்த பிணைப்பினை அது நன்கு புலப்படுத்துகின்றது.

இதே பிணைப்பினை வேறொரு நோக்கில் அறுக்க முயன்றவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவ வகுப்பொன்றை ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் நடைபெற்ற அவ்வகுப்பினை 1864இல் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க சேவையில் இணைந்து வெளியூர்களுக்குச் சென்றுவிடுவர், தமிழிற் பயின்றோரே தம் கிராமங்களில் நிலைத்து மக்களுக்கு வைத்தியஞ் செய்வர் என்பது அவர் கொண்டிருந்த கருத்து. அதற்கென அவரும் அவர்தம் மாணாக்கரும் உருவாக்கிய நூல்களுள் இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. இந்நூற்பெயர்களே அவர்களது கலைச்சொல்லாக்க முறையை உணர்த்தப் போதியன. உடலமைப்பியலுக்கும் உடற்றொழிலியலுக்கும் மரபிலிருந்து சொற்கள் எடுக்கப்பட்டன. இரசாயனவியலுக்கு ஆங்கிலச் சொல்லே தமிழ் ஓசைக்கு இசைய மாற்றப்பட்டது.

யாருக்காகக் கற்பிக்கின்றோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து மொழியையும் நூல்களையும் பாடத்தையும் வகுத்துக்கொண்ட அபூர்வமான முயற்சி இது. ஆனால் 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கில மொழியில் ஆரம்பிக்கப்பட்டது. அரசாங்க அங்கீகாரமும் பதவியும் சம்பளமும் அவ்வழியே சென்றன. 1873இல் கிறீன் நாடு திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழில் மருத்துவத்தைக் கற்பிக்க முடியாது என்பதால் அம்முயற்சி முடிவுறவில்லை. கற்பிக்க முடியும் என்பது நிறுவப்பட்ட பின்னரே முடிவுற்றது. இது மனங்கொள்ளத்தக்கது.

பரீட்சையின் ஆட்சி

1880இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் ஆரம்பமாயின. லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் அவற்றைத் தொடர்ந்தன. 1921இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, லண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ்செய்தது. ஆகவே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இந்நாட்டு மேல்நிலை விஞ்ஞானக் கல்வியின் உள்ளடக்கத்தை நிர்ணயித்தோர் இந்நாட்டு மாணவரைக் கண்டிராத பரீட்சகர்களே. கலைத்திட்டத்தை வகுப்பது என்ற பணியே இங்கிருக்கவில்லை. வந்துசேர்ந்த பாடவிதானத்தை நிறைவேற்றுவதே ஆசிரியரின் கடமையாயிற்று.

இதன் விளைவுகள் இரண்டு. ஆய்வுகூடத்துக்கு வேண்டிய செலவைத் தாங்கக்கூடிய நகர்ப்புறக் கல்லூரிகளிலேயே விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டது. ஏனையோருக்கு அது எட்டாப் பொருளாயிற்று. எட்டியவர்களுக்கும் விஞ்ஞானம் உலகை விளங்கிக்கொள்ளும் முறையாக அமையாது, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இட்டுச்செல்லும் வாயிலாகவே அமைந்தது. நிலவளமும் நீர்வளமும் குறைந்த யாழ்ப்பாணத்தில் மத்தியதர வர்க்கத்தின் பிரதான முதலீடு பிள்ளைகளின் கல்வியே. அவ்வர்க்கம் விஞ்ஞானத்தை இந்நோக்கிற் கண்டமை இயல்பே. பிற்காலத்தில் நிகழ்ந்த எல்லாச் சீர்திருத்தங்களும் இவ்வெதிர்பார்ப்பினைக் கடந்தே செல்லவேண்டியிருந்தன.

ஒட்சிசனும் ஆர்முடுகலும்

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1950களில் அது இடைநிலை வகுப்புகளுக்கும், 1960களில் விஞ்ஞான பாடங்களுக்கும் விரிந்தது. அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆங்கிலப் பாடநூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. சில ஆண்டுகளுள் இரசாயனவியல், பௌதிகவியல், தாவரவியல், விலங்கியல், கணிதம் ஆகிய துறைகளுக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் ஆக்கப்பட்டமை இலங்கைத் தமிழ் அறிஞர்தம் சாதனைகளுள் ஒன்றாகும். அதன் அளவு இன்றும் நன்கு உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

இச்சொற்கள் தமக்கென ஒரு கொள்கையைக் கொண்டிருந்தன. மூலகங்களின் பெயர்கள் உலகப் பொதுவழக்கைத் தழுவியும், தமிழ் ஒலியமைதிக்கு இயையவும் அமைந்தன. ஒட்சிசன், ஐதரசன், நைதரசன், காபன் என்பன அவ்வாறு வந்தவை. கிரந்த எழுத்துகள் தவிர்க்கப்பட்டன. கருத்துகளுக்கோ தமிழ் வேர்களிலிருந்து சொற்கள் ஆக்கப்பட்டன: ஆர்முடுகல், அமர்முடுகல், உந்தம், ஒளித்தொகுப்பு, ஆவியுயிர்ப்பு, இழையம் என்பன சில உதாரணங்கள். தமிழகத்தில் வேறு சொற்கள் வழங்கியமையால் இரு கரையிலும் விஞ்ஞானத் தமிழ் இரண்டுபட்டது என்ற குறை உண்டு. எனினும் கிராமப்புறப் பாடசாலையில் முதன்முறையாக ஒரு விவசாயியின் மகள் வேகத்துக்கும் ஆர்முடுகலுக்குமுள்ள வேறுபாட்டைத் தன் மொழியிலேயே கேட்டு விளங்கிக்கொண்டாள் என்னும் உண்மையின் முன் அக்குறை சிறிது.

மொழி மாறிய அதே காலத்தில் உலகெங்கும் விஞ்ஞானக் கலைத்திட்டங்களும் மாறிக்கொண்டிருந்தன. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியமை ஐக்கிய அமெரிக்காவில் ஏற்கெனவே ஆரம்பமாகியிருந்த பாடச் சீர்திருத்த இயக்கத்துக்குப் பெரும் உந்துதலளித்தது. 1956இல் அமைக்கப்பட்ட பௌதிக விஞ்ஞான ஆய்வுக் குழுவும், அதனைத் தொடர்ந்து உயிரியலிலும் இரசாயனவியலிலும் அமைந்த குழுக்களும் பல்கலைக்கழக விஞ்ஞானிகளையும் பாடசாலை ஆசிரியரையும் ஒன்றுசேர்த்துப் பாடநூல்களைப் புதிதாக எழுதின. பிரித்தானியாவில் 1962இல் நபீல்ட் திட்டம் ஆரம்பமாயிற்று. முடிந்த முடிவுகளை மனனஞ்செய்வதை விடுத்து, மாணவன் தானே பரிசோதனை செய்து கண்டறியவேண்டும் என்பதே இவற்றின் பொது நோக்கு. 1960களின் இலங்கைப் பாடவிதானங்களிலும் இந்நோக்கின் செல்வாக்குப் படிந்தது.

ஆனால் கண்டறிதலுக்கு ஆய்வுகூடம் வேண்டும். பயிற்சிபெற்ற ஆசிரியர் வேண்டும். தமிழ்மொழி வந்துசேர்ந்த பாடசாலைகள் பலவற்றுக்கு இவ்விரண்டும் வந்துசேரவில்லை. மட்டக்களப்பின் உட்கிராமங்களிலும், வன்னியிலும், யாவற்றுக்கும் மேலாக மலையகத்திலும் நிலை இதுவே. பெருந்தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில் என்பதை நினைவிற்கொண்டால், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு உயர்தர விஞ்ஞானம் எத்துணை தொலைவிலிருந்தது என்பது விளங்கும். தமிழ்மொழி மூலக் கல்வி என ஒரே பெயரால் நாம் வழங்குவது உண்மையில் பல சமமற்ற கல்விகளின் தொகுதியே.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

1971ஆம் ஆண்டு ஏப்ரிற் கிளர்ச்சி, கற்ற இளைஞரின் வேலையின்மையை நாட்டின் தலையாய பிரச்சினையாக முன்னிறுத்தியது. அதே ஆண்டில் டட்லி சீயேர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழுவொன்று சமர்ப்பித்த அறிக்கையும், கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் அளிக்கும் வாய்ப்புக்குமிடையேயுள்ள இடைவெளியைச் சுட்டியது. இந்தச் சூழலிலேயே 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆறாந் தரம் தொடக்கம் ஒன்பதாந் தரம்வரை எல்லா மாணவர்க்கும் பொதுவான கலைத்திட்டம் வகுக்கப்பட்டது. கணிதமும் ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் அனைவர்க்கும் கட்டாயமாக்கப்பட்டன. உள்ளூர்த் தொழில்களோடு தொடர்புடைய தொழில்முன்னிலைப் பாடங்களும் சேர்க்கப்பட்டன. இதன் முடிவில் நடைபெற்ற தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை முதன்முதலாக 1975 டிசெம்பரில் நடாத்தப்பட்டது.

இம்மாற்றத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை அதன் குறைபாடுகள் மறைத்துவிடலாகாது. அதற்கு முன்னர் விஞ்ஞானம் ஒரு பிரிவினரின் பாடம். கலைப் பிரிவு மட்டுமே உள்ள கிராமப் பாடசாலை மாணவன் அதனைத் தெரிவுசெய்யாமல் விட்டவனல்லன். அத்தெரிவே அவனுக்கு அளிக்கப்படவில்லை. 1972இன் பின்னர், ஒன்பதாந் தரத்தோடு பாடசாலையை விட்டு விலகப்போகும் பிள்ளைக்கும் விஞ்ஞானம் உரியது என்பது அரசின் கொள்கையாயிற்று. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்ற பிரிவுகளைக் கடந்து, நீர், மண், உணவு, சக்தி என வாழ்க்கையிற் காணப்படும் பொருள்களிலிருந்து தொடங்குவதற்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் வாய்ப்பளித்தது.

அவ்வாய்ப்பு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் பரந்துள்ளது. மழைநீர் அதனூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1.000 எனவும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 எனவும் கொண்டு, இரு நிரல்களின் அமுக்கங்களையும் சமப்படுத்தினால், கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயர்ந்து நிற்கும் நன்னீருக்கு ஒத்ததாகக் கீழே 40 மீற்றர்வரை நன்னீர் நிற்கும் என்பது கோட்பாட்டளவிற் பெறப்படும். மேலே நீர்மட்டம் கால் மீற்றர் தாழ்ந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கிற் 10 மீற்றர் மேலெழும் என்பதும் அதே கணக்கிலிருந்து வரும். அடர்த்தியையும் அமுக்கத்தையும் கற்ற ஒன்பதாந் தர மாணவனால் இதனைச் செய்துபார்க்க முடியும்.

ஒருங்கிணைந்த விஞ்ஞானம் வகுப்பறைகளுக்கு வந்த அதே ஆண்டுகளிலே, இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைக்க, குடாநாட்டு விவசாயிகள் பயிர்ச்செய்கையைப் பெருக்கினர். துலா மிதித்து நீரிறைத்த தோட்டங்களில் இயந்திரங்களின் ஒலி கேட்டது. துலாவினால் ஒருநாளில் இறைக்கக்கூடிய நீருக்கு மனித உடலே ஓர் எல்லை விதித்திருந்தது. இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. கிணறு உவராவது ஏன் என்ற வினா தோட்டத்தில் நின்றது. அதற்கான விடை வகுப்பறையில் இருந்தது. இவ்விரண்டையும் சந்திக்கச் செய்வதே கலைத்திட்டத்தின் பணி. ஆனால் தீவு முழுவதற்கும் ஒரே வினாத்தாளை வழங்கும் பரீட்சை, சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றைப் பற்றி வினவாது. பரீட்சையில் வராததைக் கற்பிக்கும் ஆசிரியனைப் பெற்றோர் கண்டிப்பர், மாணவரும் விரும்பார். இதனால் ‘சூழல்’ என்ற சொல் பாடநூலில் இருந்ததேயன்றிச் சூழல் வகுப்பறைக்குள் நுழையவில்லை.

தொழில்முன்னிலைப் பாடங்கள் எதிர்கொண்ட எதிர்ப்பு இதனினும் கூர்மையானது. தீவின் எல்லாப் பாகங்களிலும் மத்தியதர வர்க்கப் பெற்றோர் அவற்றைத் தரங்குறைந்த கல்வியெனக் கருதினர். யாழ்ப்பாணத்தில் மரவேலையும் மட்பாண்டமும் மீன்பிடியும் சாதியோடு பிணைந்த தொழில்களாதலால், அவ்வெதிர்ப்பில் வர்க்க உணர்வோடு சாதி உணர்வும் கலந்திருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. உடலுழைப்பை இழிவாகக் கருதும் சமூகத்திலே கையினாற் செய்து கற்கும் விஞ்ஞானமும் வேரூன்றுவது கடினம். பரிசோதனையைச் செய்யாமலே அதன் முடிவைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதும் வழக்கம் நம் பாடசாலைகளில் இத்துணை இயல்பாகப் பரவியமைக்கு வசதியின்மை ஒன்றே காரணமெனக் கூறிவிட முடியாது.

தெரிவின் நிழல்

இச்சீர்திருத்தத்தைத் தமிழ் மக்கள் அமைதியாக மதிப்பிடக்கூடிய சூழலும் அன்று இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாவதற்கு 400 புள்ளிகளுக்குச் சிங்கள மாணவர்க்கு 227 புள்ளிகளும் தமிழ் மாணவர்க்கு 250 புள்ளிகளும் வேண்டியிருந்தன. அங்கு மருத்துவத்துக்கு அவை முறையே 229, 250 ஆக இருந்தன. தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பரீட்சை என்னும் ஏணியையே நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அவ்வேணியின் படிகள் தனக்கு மட்டும் உயர்த்தப்பட்டமை தாங்கொணா அநீதியாகத் தோன்றியது. மொழியை அளவுகோலாகக் கொண்ட அம்முறை அநீதியானதே. இளைஞர் அரசியலின் திசையை அது மாற்றியமை யாவரும் அறிந்தது.

எனினும் கலைத்திட்ட வரலாற்றை எழுதுவோர் இன்னொன்றையும் கூறக் கடமைப்பட்டுள்ளனர். அவ்விவாதம் முழுவதும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் சில நூறு பேரைப் பற்றியதாயிருந்தது. தெரிவாகாத பல்லாயிரவர் எதைக் கற்கின்றனர் என்பது பற்றி இருதரப்பிலும் பேச்சு எழவில்லை. மாவட்ட ஒதுக்கீட்டினால் யாழ்ப்பாணம் இழந்தது. வசதி குறைந்த மாவட்டங்கள் சில பயன்பெற்றன, அவற்றுள் தமிழர் வாழும் மாவட்டங்களும் இருந்தன. இவ்வுண்மை தமிழ் மாணவரிடையேயும் எத்துணை ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை உணர்த்தியிருக்கவேண்டும். மாறாக, தெரிவுப் போட்டி கடுமையாகக் கடுமையாகத் தனியார் வகுப்புகள் பெருகின. கற்பதன் பொருள் வினாத்தாள்களுக்கு விடையளிக்கப் பழகுதல் எனச் சுருங்கியது.

1977இல் ஆட்சி மாறியதும் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் கைவிடப்பட்டது. கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் மீண்டது. தொழில்முன்னிலைப் பாடங்கள் மறைந்தன. ஆனால் விஞ்ஞானமும் கணிதமும் அனைவர்க்கும் உரியன என்ற ஏற்பாடு அழியவில்லை. சாதாரண தரம்வரை அது நிலைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய கல்வி நிறுவகம் உருவாக்கப்பட்டுக் கலைத்திட்டப் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990களின் இறுதியிலும் 2007இலும் புதிய கலைத்திட்டங்கள் வந்தன. பின்னையது தேர்ச்சியை மையமாகக் கொண்டது. 2001இல் உயர்தர விஞ்ஞான பாடங்களை ஆங்கிலத்திலும் கற்பதற்கு அனுமதியளிக்கப்பட்டது. 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு ஆரம்பமாயிற்று. பெயர்கள் மாறின, கண்டறிந்து கற்றல், செயல்வழிக் கற்றல் என்ற நோக்கங்கள் ஒவ்வொரு முறையும் புதியனவாக அறிவிக்கப்பட்டன. பரீட்சையின் தன்மை அவ்வேகத்தில் மாறவில்லை.

பல்கலைக்கழகத்தின் பங்கு

1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு திறக்கப்பட்டபோது, அதன் விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் கட்டடங்களிலேயே ஆரம்பமாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செமினரி தோன்றிய அதே ஊருக்கு உயர் விஞ்ஞானக் கல்வி மீண்டும் வந்தது. ஆனால் மானிப்பாயில் எழுந்த வினா உடன் வரவில்லை. மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் இன்று ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்ற மாணவன் முதலாண்டு விரிவுரை மண்டபத்தில், தான் நன்கறிந்த கருத்துகளையே அந்நியமாகக் காண்கின்றான். ஆய்வுலகின் மொழி ஆங்கிலம் என்பதனால் அதனைக் கற்றே ஆகவேண்டும், அதில் ஐயமில்லை. இரு மொழிகளுக்குமிடையே மாணவனைக் கடப்பிக்கும் ஒழுங்கான பாடநெறியொன்றினை வகுப்பதும் கலைத்திட்டத்தின் பகுதியே என்பதே நாம் வலியுறுத்துவது.

பல்கலைக்கழகம் பாடசாலைக்குச் செய்யவேண்டிய கடன் இதனினும் பெரிது. 1960களில் பாடநூல்களும் கலைச்சொற்களும் உருவான காலத்திற் பல்கலைக்கழக அறிஞர் அப்பணியிற் பங்குகொண்டனர். 1970களிற் பேராதனையைச் சேர்ந்த தமிழ் விஞ்ஞானிகள் முன்னின்று வெளியிட்ட ‘ஊற்று’ என்னும் சஞ்சிகை, ஆய்வுலகுக்கும் பொது வாசகருக்குமிடையே தமிழில் உரையாடல் நடாத்த முடியும் எனக் காட்டியது. இத்தகைய பணிகள் பின்னர் போரினாலும் புலப்பெயர்வினாலும் மெலிந்தன. பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்குமுள்ள தொடர்பு பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையும் அதன் வெட்டுப்புள்ளியும் என்ற அளவிற் குறுகியது.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து கலைத்திட்டம் வகுப்போருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. ஒரு விஞ்ஞானக் கலைத்திட்டத்தின் தரத்தை, அது எத்தனை பேரை மருத்துவ பீடத்துக்கு அனுப்பியது என்பதைக் கொண்டு இதுகாறும் மதிப்பிட்டு வந்தோம். பதினாறு வயதில் பாடசாலையை விட்டு விலகிய மாணவியிடம் அது எதனை விட்டுச்சென்றது என்பதைக் கொண்டும் மதிப்பிடவேண்டும். பெரும்பான்மையோர் அவளைப் போன்றவர்களே.

இது வெறும் இலட்சிய வாசகமன்று. 2010களின் நடுப்பகுதியிற் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்துள்ளதென்ற பிரச்சினை எழுந்தபோது, ஒன்றோடொன்று முரண்பட்ட நிபுணர் கூற்றுகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண்களைச் சாதாரண குடும்பங்கள் வாசிக்க வேண்டியிருந்தது. குடிக்கலாமா, கூடாதா என்பதே அவர்களுக்கு வேண்டிய விடை. மாதிரி எங்கே, எப்போது, எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது, எல்லைப் பெறுமானம் எது எனக் கேட்பதற்கு உயர்ந்த பட்டம் எதுவும் வேண்டியதில்லை. நன்கு கற்பிக்கப்பட்ட சாதாரண தர விஞ்ஞானமே போதும். 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வழங்கக்கூடியது இழப்பீடு. கேள்வி கேட்கும் ஆற்றலை வகுப்பறைதான் வழங்கவேண்டும்.

கிறீன் தமக்குப் பின் நூல்களை விட்டுச்சென்றார். 1960களின் அறிஞர் சொற்களை விட்டுச்சென்றனர். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், விஞ்ஞானம் எல்லார்க்கும் உரியது என்ற நியதியை விட்டுச்சென்றது. நூலும் சொல்லும் நியதியும் நம்மிடம் உள்ளன. அவற்றைத் தோட்டத்துக் கிணற்றடிவரை கொண்டுசெல்லும் பரீட்சை முறையையும் ஆசிரியப் பயிற்சியையும் உருவாக்குவதே எஞ்சியுள்ள பணி. அது கல்வித் திணைக்களத்தின் பணி மட்டுமன்று. பல்கலைக்கழகங்களில் தமிழில் சிந்திக்கும் யாவருடைய பணியுமாகும்.